பட்டமளிப்பு இருமல்

இருமல் டாக்டருக்குப் பிடிபடாத இருமல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஒரு தையல்காரம்மாவின் நெஞ்சில் குடியிருந்தது.

மற்ற இருமல்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. முப்பத்தோரு வருடம் அரசு மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவில், ஒரு கால் குட்டையான நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட காது அது. வராந்தாவில் கூட்டத்தோடு கூட்டமாக யாராவது இருமினால், உள்ளே இருந்தபடியே, "அந்த நாலாவது ஆளை முதல்ல அனுப்புங்க, மத்தவங்க காத்திருக்கலாம்" என்பார். இருமல்களைப் பற்றி எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு புத்தகமும் எழுதியிருந்தார். அதை முழுக்கப் படித்தவர்கள் இரண்டு பேர்: அச்சுப்பிழை திருத்தியவர், அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான மனைவி படித்து முடித்துவிட்டு, "நானூறாவது பக்கத்துக்கு மேல எனக்கே தொண்டை கமற ஆரம்பிச்சிடுச்சுங்க" என்று மதிப்புரை வழங்கினாள்.

தையல்காரம்மா மூன்று வருடமாக வந்துகொண்டிருந்தாள். வருடத்தில் இரண்டு மாதம் இருமல். பிறகு தானாகப் போய்விடும். அடுத்த வருடம் தேதி பார்த்துக் கிளம்பி வந்ததுபோல அதே மாதத்தில் வந்து நிற்கும். இரண்டு குட்டை, ஒரு நெட்டை, கடைசியில் கொதிக்கிற கெட்டிலின் மூடியிலிருந்து வருவது மாதிரி ஒரு சின்ன விசில். டாக்டர் படம் எடுத்தார், ரத்தம் எடுத்தார், சளி எடுத்தார். எல்லாம் சுத்தம். வேலை செய்கிற சாமான்களைக் கொண்டுவரச் சொன்னார். அவள் நூல், சுண்ணக்கட்டி, மெஷின் எண்ணெய், பொத்தான், உள்துணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜைமேல் கடை பரப்பினாள். டாக்டர் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். எல்லாம் நிரபராதி.

"தைக்கிற துணி எங்கம்மா?"

"அதைக் காட்டக் கூடாது டாக்டர். ஆபீஸ் சொத்து. வேலை வாங்கிக் கொடுக்கிறவர் கையெழுத்து வாங்கியிருக்கார். எந்த ஆபீஸுன்னு சொல்லக்கூடக் கூடாது. வெளியாள் கண்ணுல பட்டா வேலை போயிடும்."

"நான் வெளியாளா?"

"என் நெஞ்சுக்கு நீங்க உள்ளாள்தான். ஆபீஸுக்கு வெளியாளாச்சே."

இந்த வருடம் அவள் மாடிப்படியில் பாதியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்துதான் மேலே வந்தாள். போன வருடம் உட்காரவில்லை. டாக்டர் அதைக் கவனித்தார்.

"அடுத்த வியாழக்கிழமை வாங்க. இந்தத் தடவை பிடிச்சிடறேன்" என்றார்.

புதன்கிழமை அவரைத் துணைவேந்தர் ஆக்கிவிட்டார்கள்.

அது எப்படி நடந்தது என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்தில் மூன்று கோஷ்டிகள். மூன்றுக்கும் ஆளுக்கொரு வேட்பாளர். ஒரு கோஷ்டியின் ஆளை மற்ற இரண்டு கோஷ்டிக்கும் ஆகாது. எட்டு மாதம் இழுபறி. கடைசியில் யாருக்கும் எதிரியில்லாத ஒருவரைத் தேடினார்கள். யாருமே கேள்விப்பட்டிராதவர் என்பதால் இருமல் டாக்டருக்கு அந்தத் தகுதி பூரணமாக இருந்தது. தேர்வுக் குழுவினர் அவருடைய புத்தகத்தை வரவழைத்து, மேஜையைச் சுற்றிக் கைமாற்றி ஆளுக்கொரு தடவை தூக்கிப் பார்த்தார்கள். "கனமான அறிஞர்" என்று ஒருமனதாகக் குறிப்பெழுதினார்கள்.

"வியாழக்கிழமை காலை மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று டாக்டர் நிபந்தனை போட்டார்.

"தாராளமாக" என்றார் பதிவாளர். "விண்ணப்பம் கொடுங்கள். துணைவேந்தர் அனுமதித்தால் போகலாம்."

"துணைவேந்தர் நான்தானே?"

"அங்கேதான் சார் சிக்கல். தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை."

பதிவாளர் அந்த இடத்தில் இருபத்தாறு வருடமாக இருந்தார். துணைவேந்தர்கள் வந்தார்கள், படமாகிச் சுவரில் ஏறினார்கள், அடுத்தவர் வந்தார். பதிவாளருக்குப் படம் கிடையாது. அவருக்கு அதில் வருத்தமும் கிடையாது, சுவரில் ஏறினால் இறங்க முடியாது என்பதால்.

முதல் நாள் வரவேற்பில் பதிவாளர் பேசினார். "நம் புதிய துணைவேந்தர் நோயாளிகளின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர். அந்தச் சிரமம் இனி அவருக்கு இல்லை. இங்கே யார் என்ன சொன்னாலும் அவர் காதுக்கு எட்டாதபடி நாங்கள் பார்த்துக்கொள்வோம்." கைதட்டல் ஓய ரொம்ப நேரம் ஆயிற்று.

சொன்னதைச் செய்தார்கள். துணைவேந்தர் அறையின் கதவு இரட்டைக் கதவு, நடுவே பஞ்சு வைத்துத் தைத்தது. நேர்முக உதவியாளர் ஒருவர் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பை அவர் பணிவோடு வாங்கி, ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வரவேற்பறையில் காட்சிக்கு வைத்துவிட்டார். டாக்டர் வீட்டிலிருந்து பழைய ஸ்டெதஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்து கால்சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டார்.

"கார் கொடுத்தாங்க, கதவு திறந்துவிட ஆள் கொடுத்தாங்க" என்றாள் மனைவி. "பதிலுக்கு வியாழக்கிழமையை எடுத்துக்கிட்டாங்க. கூட்டிக் கழிச்சுப் பாருங்க."

முதல் ஆட்சிக்குழுக் கூட்டத்தில் பதிவாளருக்கு இருமல் வந்தது. நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளை வாசித்ததும் ஒரு இருமல். அடுத்த பொருளுக்கு இரண்டு. மூன்றாவதுக்கு மறுபடி ஒன்று. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்து வருவதல்ல, வெறும் தொண்டை. வறண்டது. முப்பத்தோரு வருடத்தில் இவ்வளவு ஒழுங்கான இருமலை அவர் கேட்டதில்லை. பையிலிருந்து ஒரு தொண்டை மாத்திரையை எடுத்துப் பதிவாளரிடம் நீட்டினார். கூட்டத் தலைவர் நீட்டியதை மறுப்பது எப்படி? பதிவாளர் வாயில் போட்டுக்கொண்டார். இருமல் நின்றது.

கூட்டமும் நின்றது. ஒரு இருமல் என்றால் நிறைவேற்றம், இரண்டு என்றால் ஒத்திவைப்பு. இருபத்தாறு வருட நடைமுறை. இருமல் இல்லாமல் எந்தப் பக்கம் கை தூக்குவது என்று தெரியாமல் பதினான்கு உறுப்பினர்களும் நாலு மணி நேரம் பதிவாளரின் கன்னத்தில் மாத்திரை கரைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இதெல்லாம் டாக்டருக்குத் தெரியாது. கையில் வேறு காகிதம் இல்லாததால், எதிரே இருந்த கோப்பின் ஓரத்தில், அவருக்கென்று வைத்திருந்த பச்சைப் பேனாவால் பதிவாளருக்கு மருந்து எழுதினார்: "உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்கவும். நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின், ஐந்து நாள். மறுபடி பார்க்கவும்." கீழே கையெழுத்து, தேதி.

ஆறாம் நாள் கோப்பு திரும்பி வந்தது. அது நூலகக் கூரை ஒழுகுவது பற்றிய கோப்பு. கீழே நூலகர் எழுதியிருந்தார்: "ஆணைப்படி நூலக ஊழியர்கள் பதினெட்டுப் பேரும் ஐந்து நாள் கொப்பளித்தார்கள். இருவர் விடுப்பிலிருந்து வந்து கொப்பளித்தார்கள். கூரை தொடர்ந்து ஒழுகுகிறது. மறுபார்வைக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது."

டாக்டர் உதவியாளரைக் கூப்பிட்டார். "இதை எழுதினப்போ யாருக்குமே சந்தேகம் வரலையா? ஒருத்தர்கூடப் படிச்சுப் பார்க்கலையா?"

உதவியாளர் காதைத் தொட்டுக்கொண்டார். "துணைவேந்தர் பச்சை மையில எழுதினதை நாங்க படிக்க மாட்டோம் சார். செய்வோம்."

தையல்காரம்மா அந்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு கால் குட்டையான காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரம் விசாரித்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டாள். வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் பார்வையாளர்கள் நான்கு வகை: பிரமுகர், பெற்றோர், மாணவர், பிற. வருகையின் நோக்கம் என்ற இடத்தில் "இருமல்" என்று எழுதினாள்.

"இருமல் பிரிவு இங்க இல்லம்மா" என்றார் குமாஸ்தா.

"டாக்டர் இருக்காரே."

"டாக்டர் ஆஸ்பத்திரியில இருப்பார். இங்க இருக்கிறவர் துணைவேந்தர்."

"ரெண்டும் ஒரே ஆள்தாங்க."

"அதை நாங்க ஒத்துக்க முடியாது" என்று குமாஸ்தா அவளைப் 'பிற'வில் சேர்த்து, மூன்றாவது செவ்வாய்க்கிழமைக்கு டோக்கன் கொடுத்தார். அவள் வரவேற்பறை பெஞ்சில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். படியேறிய இளைப்பு. இருமல் வந்துவிட்டது.

பஞ்சு வைத்த இரட்டைக் கதவையும் தாண்டி அது உள்ளே போயிற்று. டாக்டர் பேனாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். துணைவேந்தர் எழுந்தால் மேஜைக்கடியில் ஒரு மணி அடிக்கும். மணி அடித்தால் உதவியாளர் எழுவார். காவலாளிகள் இருவர் லிஃப்டைப் பிடித்து நிறுத்துவார்கள். மக்கள் தொடர்பு அலுவலர் கேமராவோடு ஓடிவருவார். எல்லாரும் வரிசைக்கு வந்து, யார் முன்னால் நடப்பது என்று முடிவாகி, கதவு திறந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

"இப்ப இங்க இருமினது யார்?"

"யாரும் இல்ல சார்" என்றார் உதவியாளர். "பிறதான்."

டாக்டர் அன்று சாயந்திரம் வீட்டில் சாப்பிடவில்லை. "விசில் நீளமாயிடுச்சு. போன மாசம் இவ்வளவு நீளம் இல்ல" என்று மட்டும் சொன்னார். மனைவி தட்டை எடுத்து மூடிவைத்தாள்.

"விலாசம் இருக்கா?"

"ஆஸ்பத்திரி நோட்டுல இருக்கும். கேட்டனுப்பினேன். எழுத்து மூலமாக் கேட்கணுமாம், பதிவாளர் வழியா. பட்டமளிப்பு விழா முடிஞ்சப்புறம் பரிசீலிக்கிறேன்னு சொல்லியிருக்கார்."

பட்டமளிப்பு விழாவுக்குத்தான் பல்கலைக்கழகம் வருடம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும். விழா இரண்டு நாள். முதல் நாள் ஆயிரத்து இருநூறு பட்டதாரிகள். ஆயிரத்து இருநூறு கறுப்பு அங்கிகள். துணைவேந்தருக்கு மட்டும் சிவப்பு வெல்வெட் அங்கி. அறுபது வருடப் பழசு. பதிவாளர் அதைத் தன் கையால் டாக்டருக்கு மாட்டிவிட்டார்.

"எத்தனை தோள் கண்ட அங்கி சார் இது. ஒரு நூல் அரிக்கலை. ஸ்டோர்ல வைக்கிறப்போ பொடி தூவி வைப்போம். நாற்பது வருஷமா அதே பொடி."

"என்ன பொடி?"

"ஸ்டோர் பொடி சார்" என்றார் பதிவாளர், வேறென்ன பொடி இருக்க முடியும் என்ற முகத்தோடு.

மேடையில் டாக்டர் வாசித்த உரையை ஒன்பது பேர் குழு எழுதியிருந்தது. முதல் பக்கம் முழுக்க மேடையில் இருந்தவர்களின் பதவிகள். இரண்டாம் பக்கத்தில் பல்கலைக்கழகத்தைக் கலங்கரை விளக்கம் என்றும், அதே பக்கத்தின் அடியில் தோணி என்றும் சொல்லியிருந்தது. மூன்றாம் பக்கத்தைத் திருப்பும்போது டாக்டருக்கு இருமல் வந்தது.

இரண்டு குட்டை. ஒரு நெட்டை. கடைசியில் கெட்டில் மூடியின் விசில்.

டாக்டர் ஒலிபெருக்கியைக் கையால் மூடினார். தன் நெஞ்சுக்குள் கேட்டதை நம்பாமல் இன்னொரு தடவை இருமிப் பார்த்தார். அதேதான். மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்த இருமல் தன் வாயிலிருந்தே வந்து நிற்கிறது. பிறகுதான் காது கொடுத்தார். கூடம் முழுக்க இருமிக்கொண்டிருந்தது. முன் வரிசை, பின் வரிசை, ஓரம், ஆயிரத்து இருநூறு நெஞ்சு. குட்டை, குட்டை, நெட்டை.

"இவங்க ஏன் இருமறாங்க?"

"பட்டமளிப்பு இருமல் சார்" என்று பதிவாளர் காதோடு சொன்னார். "எல்லா வருஷமும் வரும். உணர்ச்சிப் பெருக்கு. நம்ம ஆண்டு மலர்ல கட்டுரையே வந்திருக்கு."

டாக்டர் வெல்வெட் கையை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணில் நீர் வந்தது. காலரைத் திருப்பினார். பழைய தையலைப் பிரித்து, புதிதாகப் போட்ட தையல் ஒன்று உள்ளே வரிசையாக ஓடியது.

"இதைப் பிரிச்சுத் தெச்சது யாரு?"

"அதெல்லாம் ஒப்பந்தக்காரர் சார். வீட்டுல வெச்சுத் தைக்கிற ஒரு அம்மா இருக்காங்களாம். வருஷா வருஷம் ரெண்டு மாசம் இதே வேலை. வெளிய மூச்சு விட மாட்டாங்க, ரொம்ப நம்பிக்கையானவங்க."

டாக்டர் அங்கியைக் கழற்றி நாற்காலி மேல் போட்டார். அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் மேடையில் அங்கியைக் கழற்றிய துணைவேந்தர் கிடையாது. மக்கள் தொடர்பு அலுவலர் கேமராவைத் தரைப்பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டர் ஒலிபெருக்கியிலிருந்து கையை எடுத்தார். உரையில் இல்லாத ஒன்றைச் சொன்னார்:

"எல்லாரும் அங்கியைக் கழட்டுங்க. நல்லா மூச்சை இழுங்க. விடுங்க. இன்னொரு தடவை."

ஆயிரத்து இருநூறு பேரும் இழுத்து விட்டார்கள். அன்றுவரை அந்தக் கூடத்தில் யார் பேச்சையும் இவ்வளவு பேர் கேட்டதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இருமல் அடங்கியது. கூடம் அமைதியானபோது துணைவேந்தர் மேடையில் இல்லை. விழாவுக்கு வந்திருந்த ஒப்பந்தக்காரரைக் கையோடு பிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்.

மூன்றாவது மாடி. ஒற்றை அறை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. இரண்டாம் நாள் விழாவுக்கான அங்கிகள் கூரையைத் தொடும் உயரத்துக்கு அடுக்கியிருக்க, அதன் அடிவாரத்தில் தையல்காரம்மா மெஷினோடு இருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் ஒரு அங்கியை எடுத்து அடுக்கின்மேல் போர்த்தப் பார்த்தாள்.

"பார்க்காதீங்க டாக்டர், ஆபீஸ் சொத்து."

"நான்தாம்மா அந்த ஆபீஸ்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப மூணு வருஷமா உங்க சொத்தை உங்ககிட்டயே மறைச்சிருக்கேனா?"

"ஆமா. ஜன்னலை ஏன் சாத்தி வெச்சிருக்கீங்க?"

"பொடி பறந்து அக்கம்பக்கத்துல கேட்டுட்டா? எந்த ஆபீஸுன்னு சொல்லக் கூடாதே."

டாக்டர் எல்லா ஜன்னல்களையும் திறந்தார். கால்சட்டைப் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவள் முதுகில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். ஒப்பந்தக்காரர் இரண்டு தடவை கடிகாரம் பார்த்தார்.

"நெஞ்சு இன்னும் கெட்டுப்போகலை" என்றார் கடைசியில். "தையல் வேலை ஒண்ணும் பண்ணாது. இந்தப் பொடிதான். இனிமே இதைத் தொடாதீங்க."

தையல்காரம்மா அவசரமாகத் திரும்பினாள். "இதை விட்டா எனக்கு வேற வேலை இல்ல டாக்டர். பத்து மாசம் இந்த ரெண்டு மாசத்தை வெச்சுத்தான் ஓடுது. பொடி இல்லாம அங்கி வந்தா நான் தைக்கிறேன். வராதே. அதுக்கு என்ன மருந்து எழுதுவீங்க?"



மறுநாள் அவசர ஆட்சிக்குழு கூடியது. இரண்டாம் நாள் விழாவைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார்கள். பொடியை நிறுத்த வேண்டும் என்று டாக்டர் கேட்டார். பதிவாளர் எழுந்து பேசினார்.

"நாற்பது வருடமாக அந்தப் பொடியைத் தூவுகிறோம். ஒரு பூச்சிகூட நம் அங்கியை நெருங்கியதில்லை. பூச்சிகள் தொட அஞ்சுகிற ஒன்றை நம் மாணவர்கள் துணிந்து அணிகிறார்கள். உயர்கல்வி என்பது வேறு என்ன? இருமினார்கள் என்கிறார் துணைவேந்தர். இருமட்டும். இருமாமல் வாங்கிய பட்டத்துக்கு என்ன மதிப்பு? நான் இருமி வாங்கினேன். நீங்கள் எல்லாரும் இருமி வாங்கினீர்கள். அதனால் நமக்கு என்ன கெட்டுவிட்டது?"

பதிவாளர் இரண்டு தடவை இருமினார். ஒத்திவைக்கப்பட்டது. அங்கி களைந்தது குறித்துத் துணைவேந்தரிடமே விளக்கம் கேட்பது என்று முடிவாயிற்று.

டாக்டர் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். ராஜினாமா மேலே போய் ஏற்கப்பட்டு வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை அவர்தான் துணைவேந்தர் என்றார் உதவியாளர். சொல்லிவிட்டு, கேட்ட விளக்கத்துக்கான கோப்பை மேஜையில் வைத்தார். பொருள்: அங்கி.

"என்னங்க விளக்கம் எழுதப் போறீங்க?" என்று மனைவி போனில் கேட்டாள். "எவ்வளவு எழுதினாலும் அவங்க படிக்கப் போறதில்லையே."

டாக்டர் போனைக் கையில் பிடித்தபடி கோப்பையும் அதன்மேல் கிடந்த பச்சைப் பேனாவையும் பார்த்தார். நூலகத்தில் பதினெட்டுப் பேர் கொப்பளித்தது ஞாபகம் வந்தது.

"ஆமா" என்றார். "படிக்க மாட்டாங்க."

பேனாவைத் திறந்து, விளக்கம் என்ற இடத்தில் எழுதினார்:

"பொடி: நிறுத்தவும். இனி எக்காலத்திலும் கூடாது. வெந்நீர், சோப்பு: ஒரு முறை. வெயில்: நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின், ஒரு மாதம். மறுபடி பார்க்கவும்."

மூன்று வேளையும் சாப்பாடும் அவர் யோசித்து எழுதியதல்ல. முப்பத்தோரு வருடப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு அனுப்பினார். கோப்பு பதிவாளரிடம் போயிற்று. பச்சை மையைப் பார்த்ததும் பதிவாளர் அதைப் படிக்காமல், "ஆணைப்படி செய்க" என்று எழுதி ஸ்டோருக்கு அனுப்பினார்.

ராஜினாமா ஏற்கப்பட்டது. டாக்டரின் படம் சுவரில் ஏறியது. அங்கி இல்லாத படம் என்பதால் கழுத்துவரைக்கும் மட்டும் மாட்டினார்கள்.

வியாழக்கிழமை அவர் ஒரு கால் குட்டையான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படியில் காலடிச் சத்தம் கேட்டது. நடுவில் நிற்கவில்லை. உட்கார்ந்து எழவில்லை. ஒரே மூச்சில் மேலே வந்தது. தையல்காரம்மா உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மூணு வாரமா இருமல் இல்ல டாக்டர். மிச்ச அங்கியெல்லாம் துவைச்சு அனுப்பறாங்க. சோப்பு வாசனை அடிக்குது. பட்டன் காஜா முழுக்க முடிச்சிட்டேன்."

"நல்லது. முதுகைத் திருப்புங்க."

"அது சரி, உங்க ஆபீஸுல என்ன நடக்குது? பஸ்ஸுல போறப்பப் பார்த்தேன். மைதானம் முழுக்கக் கயிறு கட்டி அங்கி காயுது. காலையில எல்லாரும் டிபன் சாப்பிட்டுட்டு வந்து போடறாங்க. எடுக்கறாங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டு மறுபடி போடறாங்க. நேத்து கடைசி பஸ்ஸுல வந்தேன். கும்மிருட்டு. அப்பவும் போட்டிருக்காங்க. ஒருத்தர் பேரேடு வெச்சுக்கிட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறார். என்னன்னு ஜன்னல் வழியாக் கேட்டா, 'ராத்திரி வேளைக்கு இன்னும் வெயில் வரலை, காத்திருக்கோம்'ங்கறார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பாவமா இருக்கு டாக்டர். போதும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, அவள் முதுகில் வைத்துக் கேட்டார். விசில் இல்லை. மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"கோர்ஸை முடிக்கட்டும்மா" என்றார். "பாதியில நிறுத்தினா திரும்ப வந்துடும்."